வலது காது

நன்மாறனுக்கு ஐந்து வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. தலை எப்போதும் வலப்பக்கமாக விழுந்து அம்மா பரிமளாவின் தோளில் கிடக்கும். கொஞ்சமாவது கேட்கக்கூடியது அந்த வலது காதுதான் என்றாள் செவித்திறனைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட். முதலில் சட்டைப்பையில் வைக்கும் காதுகேள் கருவியைக் காட்டினாள். அவன் அதன் வயரை வாயில் போட்டு மென்றான். அடுத்து, காதுக்குப் பின்னால் மாட்டும் சிறிய கருவியை எடுத்தாள். அதை மாட்டியதும் அவன் தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. கருவி கீச்சென்று கத்தியது.

"பாருடி, உன் மவன் விசிலடிக்கிறான்" என்று சிரித்தான் அப்பா தங்கவேல்.

"காது அழுந்துனா அப்படித்தான் கத்தும். அப்ப அவனுக்கு நீங்க பேசறது கேக்காது. சாய விடாதீங்கம்மா" என்றாள் ஆடியாலஜிஸ்ட்.

"அந்தப் பக்கம் மாத்தித் தூக்கேன்" என்றான் தங்கவேல்.

"எப்படித் தூக்குனாலும் இப்படித்தான விழும்? இத்தன வருசமா பாக்கலையா நீங்க?"



பரிமளா மகனை மடியில் தன்னைப் பார்க்க உட்காரவைத்து, உள்ளங்கையால் அவன் நெற்றிப்பொட்டைத் தாங்கிக்கொண்டாள். சத்தம் நின்றது.

"மாறா" என்றாள்.

அவன் வயரை மெல்வதை நிறுத்தினான். கண்கள் மெல்ல உயர்ந்து அவள் உதட்டில் வந்து நின்றன.

"மாறா."

அவன் சிரித்தான். சந்தோஷம் வந்தால் எப்போதும் செய்வதுபோல அவள் தோளுக்குச் சாயப் பார்த்தான்.

"இதையே குடுத்துருங்க மேடம்" என்றாள் பரிமளா.

அவன் மறுபடியும் தோளைத் தேடி முட்டினான். அவள் உள்ளங்கையை எடுக்கவில்லை.