கிராசியன் வாசல் மரம்

மோட்டார் ரம்பம் உறுமுகிறது. கிராசியன் மேயராக ஜெயித்த அன்று ஊரே தோளில் சுமந்து வந்து அவர் வாசலில் நட்ட, வேரறுத்துக் கிளை கழித்த பைன் மரம், இப்போது படுக்கையறைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. உச்சியில் கட்டிய கொடி வெளுத்துக் கந்தலாகிவிட்டது. இப்படி நட்ட மரத்தைப் பிரான்சின் தென்மேற்கில், எங்கள் கஸ்கோனியில் யாரும் வெட்டுவதில்லை. அது தானாக உளுத்துத்தான் விழ வேண்டும். கிராசியன் போன மாதம் போய்ச் சேர்ந்தார். ஊரின் பழைய புறாக் கோபுரத்தைப் பார்க்க வந்த வெளியூர் ஜோடி ஒன்று இதையும் படம் பிடிக்கிறது. மேற்கே வானம் ஈயமாய்க் கறுக்கிறது. “தள்ளுங்க அண்ணி, ராத்திரி புயலாம்!” என்று கத்துகிறான் இறந்தவரின் தம்பி ரெஜிஸ். கிராசியனின் மனைவி மாய்லிஸ் மரத்தில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள். “உன் வாசல்ல யாரும் மரம் நடலைங்கிற வயித்தெரிச்சலாடா?” வழக்கமாக இதற்குச் சிரிக்கிறவன் இன்று சிரிக்கவில்லை. “உங்க கட்டில் மேலதான் விழும், அண்ணி.” “விழட்டும்.” கையில் ஒட்டிய மாவைத் தட்டுகிறாள். “உங்கண்ணன் போனதுலேருந்து நான் அடுப்படி பெஞ்சுலதான் படுக்கறேன்.” ரெஜிஸ் ரம்பத்தை நிறுத்துகிறான். வண்டிக் கொட்டகைக்குள் போனவன், மரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு நீளக் கட்டையைச் சுமந்துகொண்டு வருகிறான்.