சாரல் சேனலுக்கு நாற்பத்து மூன்று பேர்

"மூடிரப் போறேன்" என்றார் சிவசைலம்.

"கதவையா?" அடுப்படியிலிருந்து கேட்டாள் ஆனந்தவள்ளி.

"ஏட்டி, சேனலைச் சொல்லுதேன்!"

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, குத்துக்கல்வலசையில் வீடு கட்டி வந்தவர் சிவசைலம். விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் போவார். மெயினருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் கூட்டம் எப்படி, குளிக்கத் தடை உண்டா என்று வீடியோ எடுத்து 'சாரல் நேரம்' என்ற தன் யூடியூப் சேனலில் போடுவார். சீசன் முடிவதற்குள் ஆயிரம் பேர் சப்ஸ்கிரைப் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சேனலுக்கு மூடுவிழா என்று அவராகவே ஒரு சபதம்.

சீசன் முடியப்போகிறது. எண்ணிக்கை நாற்பத்து மூன்று. அத்தனையும் பட்டாளத்துச் சிநேகிதர்கள்.

தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டுப் பார்த்துவிட்டார். எல்லாரும் "பண்ணியாச்சு அண்ணாச்சி" என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். எண்ணிக்கைதான் நகரவில்லை.

"எதுத்த வீட்டு வேல்சாமி என் கண்ணு முன்னாலதான் பட்டனை அமுக்குனான். நான் இங்கிட்டுத் திரும்புனதும் எடுத்திருக்கான், ஏமாத்துக்காரப் பய! இந்தத் தெருவுக்கு நான் என்ன செய்யல? தெருவிளக்குக்கு மனு எழுதிக் குடுத்தேன். தண்ணி வரலைன்னா பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடுனேன். விளம்பரத் தொல்லை இல்லாம வீடியோ பாக்க எல்லாருக்கும் இலவச ஆப் ஏத்திக் குடுத்தேன். வெறிநாயைப் புடிக்க ஆள் கூட்டியாந்தேன். நன்றி கெட்டவனுவ!"

"பாக்கத்தான் செய்வாங்க. சும்மா கிடந்து பொங்காதீங்க."

"பாக்கானுவளா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை தெரிஞ்சிரும்."

வெள்ளிக்கிழமை வீடியோவில், அருவியெல்லாம் காட்டி முடித்த பிறகு, கடைசியில் மெதுவாக ஒன்று சொன்னார்: "இந்த வீடியோவை இதுவரைக்கும் பாத்த எங்க தெருக்காரங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்க. பார்டர் கடைப் பரோட்டாவும் கோழியும் உண்டு. பாக்காதவங்ககிட்ட மூச்சு விடப்படாது."

எவனும் வரப்போவதில்லை. மறுநாள் வீடு வீடாகப் போய், "பரோட்டாவுக்கு ஏன்டே வரல?" என்று கேட்டு, திருதிருவென முழிப்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். அதோடு சேனலும் காலி, தெருவோடு பேச்சுவார்த்தையும் காலி. இதுதான் திட்டம்.

ஞாயிறு சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தது வேல்சாமி. கையில் தூக்குச்சட்டி.

"அண்ணாச்சி, அம்மைக்கு நடக்க முடியலை. சால்னா கொஞ்சம் கொண்டு போய்க்கிடலாம்லா?"

சிவசைலத்தின் கால் தானாகக் கீழே இறங்கியது.

அடுத்து ஜெயபிரியா டீச்சர், பிள்ளைகளோடு. பின்னாலேயே பெஞ்சமின், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புப் போட இடமில்லை.

"எல்லாரும் பாக்கீங்களா?" நாற்காலியை விட்டு எழுந்தார் சிவசைலம்.

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? உங்க வீடியோ பாக்காம எங்க அத்தை காப்பியே குடிக்கமாட்டாங்க" என்றார் பெஞ்சமின்.

"பழைய குற்றாலத்துல உங்க செருப்பு தண்ணியோட போச்சே, அதை எங்க பிள்ளைங்க தினம் போட்டுப் பாக்குதுங்க சார்" என்றாள் டீச்சர்.

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஜனங்களையா இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"பொறவு ஏன் எண்ணிக்கை ஏறலை?"

ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். எல்லாப் போனிலும் ஒரே ஆப். அதில் முதல் வரிசையில் 'சாரல் நேரம்'. டீச்சர் ஒருபடி மேலே போய் வீடியோக்களைப் பிரித்தே வைத்திருந்தாள். மெயினருவி தனியாக, ஐந்தருவி தனியாக, 'சார் வழுக்கி விழுந்தது' தனியாக.

சிவசைலத்துக்கு எங்கோ இடித்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இடித்தது. வீட்டில் ஒரு பரோட்டாகூட இல்லை!

பதறிப்போய்த் திரும்பினால், வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பெரிய பெரிய பொட்டலங்கள். கோழி வாசனை தெருவையே தூக்கியது.

"வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சிட்டேன்" என்றாள் ஆனந்தவள்ளி.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்? நான் ஒங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நானும் அதே ஆப்புலதான் தினமும் பாக்கேன்" என்று இலையைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "'இதுல சப்ஸ்கிரைப் பண்ணுனா நம்ம போனோட நின்னுரும், எவன் கணக்குலயும் ஏறாது'ன்னு வீடு வீடாப் போயி ஏத்திக் குடுத்த புண்ணியவான் நீங்கதானே!"