முயல் வருஷத்துப் பிள்ளை

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே விழும் வெயில், கிராம அலுவலக மேசைமேல் பொட்டுப் பொட்டாகக் கிடக்கிறது. யுத்தத்தில் ஒகினாவாவின் குடும்பப் பதிவேடுகள் எரிந்துபோனதால், ஊராரின் ஞாபகத்தைக் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார் குமாஸ்தா மாயேஷிரோ. எதிரே நபேயும் அவள் தங்கை கமேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். யுத்தத்தில் ஒளிந்திருந்த குகையைவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பி வராத தம்பி கெய்தோகுவை எழுதவேண்டும். "புலி வருஷத்துல பொறந்தவன், எழுதிக்குங்கண்ணே" என்கிறாள் நபே, வருஷங்களை மிருகப் பெயர் வைத்து எண்ணும் அந்த ஊர் வழக்கப்படி. "புலியா? கோழி துரத்தினாலே அலறிக்கிட்டு ஓடுவானே! முயல் வருஷந்தான்" என்கிறாள் கமே. "உனக்கென்னடி தெரியும்? அவனத் தூக்கி வளத்தவ நான்." "தூக்கினே. ரெண்டு தடவ கீழயும் போட்டே." நபே தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொள்கிறாள், தோள் மட்டும் குலுங்குகிறது. கறுப்பு வெல்லக் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, முயல் வருஷம் என்றே எழுதி, மை காய ஊதுகிறார் மாயேஷிரோ. கெய்தோகு என்ற பெயர் ஈரமாக மின்னுகிறது. கமே எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கான்" என்கிறாள். பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து நிற்கிறது. அது இறந்த தேதிக்கான கட்டம். வெளியே கரும்புக் காட்டில் காற்று இரைகிறது. நபே தன் உள்ளங்கையை அந்தக் கட்டத்தின்மேல் மெதுவாக வைத்து மூடிக்கொள்கிறாள். "இப்பத்தானே அண்ணே பொறந்திருக்கான். கொஞ்ச நாள் இருக்கட்டும்."