பை சார்

"பையைக் கார்லயே விட்டுட்டியா? உனக்கெல்லாம் தலை எதுக்குய்யா?"

எம்.டி. கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்ட அறைக்குள் வந்த டீ அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். விளங்கின மாதிரிதான்.

"கார் பெட்ரோல் போடப் போயிடுச்சு சார்" என்றார் பை சார்.

பத்துப் பேருக்கு இன்றைக்குச் சீட்டுக் கிழியப் போகிறது என்று ஒரு வாரமாக ஆபீஸ் முழுக்கப் பேச்சு. யார் யார் என்பது எம்.டி.க்குத்தான் தெரியும். இந்த நாளில் போயா ஒரு மனுஷன் மறப்பார்?

பை சார், எம்.டி.யின் செக்ரட்டரி. எம்.டி. ஒரு புது லேப்டாப் வாங்கியதிலிருந்து இதுதான் அவர் பெயர்.

லேப்டாப் அப்படி ஒரு மெலிசு. எம்.டி. அதைத் தபால் கவரிலிருந்து உருவுவார். இரண்டு விரலில் பிடித்து ஆட்டுவார். ஆனால் அதில் சிடி போட இடமில்லை. நெட் வயர் செருக வழியில்லை. பேட்டரியைக் கழற்ற முடியாது. இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி ஓட்டை. இல்லாத சாமான் அத்தனையும் தனியாக ஒரு கறுப்புப் பையில் வரும். சுமந்து சுமந்து பை சாருக்குத் தோளே ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

மேஜைத் தலைமாட்டில் சேர்மன் அம்மா. எம்.டி. சமாளித்தார்.

"இதைப் பாருங்கம்மா. தேவையில்லாததை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டான். எவ்வளவு லேசு! நம்ம ஆபீசும் இப்படி ஆகணும். பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டா போதும்."

"யாரு அந்தப் பத்துப் பேரு?"

"பேரு, கணக்கு எல்லாம் சிடில இருக்கும்மா."

"போடுங்க."

"சிடி டிரைவ் பையில இருக்கு."

"சரி, மத்ததையாவது திரையில காட்டுங்க."

"அந்த வயரும்..."

"பையிலயா?"

"ஆமாம்மா."

லேப்டாப் கண்ணை மூடிக்கொண்டது. எம்.டி. தொட்டுப் பார்த்து விரலை உதறினார். அடுப்பு மாதிரிச் சூடு.

"சார்ஜரும் பையிலதான்" என்றார் பை சார், யாரும் கேட்காமலே.

சேர்மன் அம்மா சிரித்துவிட்டார்.

"அப்போ எதையும் வெட்டலை. இவர் தோள்ல ஏத்திட்டீங்க. பத்துப் பேரு வேலையை யார் தோள்ல ஏத்தப் போறீங்க? ஒருத்தரும் போக வேண்டாம். பேச்சை இத்தோட விடுங்க. டீயைக் குடிங்க."

கூட்டம் கலைந்தது. வராந்தாவில் அக்கா பை சாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஒரு பையை ஞாபகமா எடுத்துட்டு வரத் தெரியாதா? ஐயா மூஞ்சி சுண்டிப்போச்சு, பாவம். அந்தப் பட்டியல்ல முதல் பேரு உங்களுதுதான், எழுதி வச்சுக்கோங்க. பொழைச்சீங்க!"

"இருக்கும்கா."

"என்னைப் பாருங்க. என் டீ இல்லாம ஐயாவுக்குப் பொழுதே விடியாது. வேலைன்னா அப்படி இருக்கணும்."

"வாஸ்தவம்கா. எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். இன்றைக்குத் தோள் கொஞ்சம் நேராக இருந்தது.

டீ அறைக்கு வந்து, எச்சில் கப்புகளை அடுக்க வண்டியின் கீழ்த்தட்டுத் துணியை விலக்கினாள். கறுப்புப் பை. காலையில் தண்ணீர் கேட்டு இங்கே வந்து நின்றாரே மனுஷன்!

உள்ளே சிடி. உறையில் மடித்து வைத்த தாள். டைப் அடித்த பத்துப் பெயர்கள். பை சாரின் பெயர் இல்லை.

முதல் பெயர் அவளுடையது. பக்கத்தில் எம்.டி.யின் கையெழுத்தில் ஒரு வரி: 'டீக்கு மிஷின் வாங்கிவிடலாம்.'

அக்கா தாளை மடித்துப் பைக்குள்ளேயே திணித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு எம்.டி. எட்டிப் பார்த்தார்.

"கார்ல இல்லைங்கறான் டிரைவர். கறுப்புப் பை ஒண்ணு, எங்கேயாவது பார்த்தியா?"

அக்கா துணியை இழுத்து விட்டாள்.

"ஞாபகம் இல்லைங்க ஐயா. எனக்கும் மறதி ஜாஸ்தியாயிடுச்சு."