வட்டம் போட வேண்டிய இடம்

ஏமன் நாட்டின் சனா நகரத்துச் சதுக்கத்தில் இருப்பவர்கள்: சுடப்போகும் சார்ஜன்ட் தாபித், செத்தவனின் அப்பா முக்பில், சிறை டாக்டர் நபீல், வேடிக்கை பார்க்கும் கூட்டம், கம்பளத்தில் குப்புறக் கிடக்கும் கொலைகாரன் நஷ்வான். தாபித் குறிவைக்க வசதியாக, நஷ்வானின் முதுகில் இதயம் இருக்கும் இடத்தில் நபீல் மையால் வட்டம் போட வேண்டும். மன்னித்தேன் என்று முக்பில் ஒரு வார்த்தை சொன்னால் துப்பாக்கி இறங்கிவிடும். அதற்காகத்தான் நபீல் ஸ்டெதாஸ்கோப்பை இங்கும் அங்கும் நகர்த்தி நேரத்தைக் கடத்துகிறார். உண்மையில் தேடவே வேண்டாம். இதயம் அடிக்கிற அடியில் அவர் காதே அதிர்கிறது. வெயில் நஷ்வானின் கழுத்து வியர்வையில் மினுங்குகிறது.

"மூச்சை இழு... விடு. இருமல் எத்தனை நாளா?"

"மருந்து எழுதப் போறீங்களா டாக்டர்?" கம்பளத்தில் முகம் புதைத்தபடி நஷ்வான் சிரிக்கிறான்.

"என்ன டாக்டரே, இதயத்தைக் காணோமா?" தாபித் கத்துகிறான்.

"இருக்கு. கொஞ்சம் பொறு."

முக்பில் தடியை ஊன்றி எழுந்து வருகிறார். கூட்டம் அடங்குகிறது. அந்த முதுகு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்க்கிறார்.

"என் மகனை யாரும் இப்படித் தொட்டுப் பாக்கல," என்கிறார். பிறகு நஷ்வானிடம் குனிகிறார். "இன்னிக்கு வேணாம். மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதே. அடுத்த வியாழக்கிழமை வருவேன்."

நஷ்வானால் எழ முடியவில்லை. இரண்டு காவலர்கள் அவனைத் தூக்கிப்போய் வண்டிக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டுகிறார்கள்.