சூடத்தின் மேல் ஒரு கை

மகன் காய்ச்சலிலிருந்து பிழைத்தால் தருவதாக வெள்ளத்தாய் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைக் காணவில்லை. பிடித்துக்கொண்டு போனது கொழுந்தன் செங்குட்டுவன்தான் என்று ஊரெல்லாம் சொன்னாள். சாமியே இல்லை என்று கறுப்புச் சட்டை போட்டுத் திரிகிறவனுக்கு என்ன பயம்?

“பாத்தேன்னு சொல்றது நீங்க. நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான் மதினி.”

“கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு. அது போதும்.”

அவன் மறுக்கவில்லை. ஊர் பார்க்க, பூசாரி தட்டில் ஏற்றிய சூடத்தை அடித்து அணைக்கக் கையை ஓங்கினான். அவளே பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அணைச்சு என்ன ஆகப்போகுது? ஒனக்கு அது வெறும் நெருப்புதான.”

“அப்ப நம்புற நீங்க அணைங்க. என்னக் கண்ணால பாத்தேன்னு சொல்லி அணைங்க.”

பூசாரி தட்டை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய வலது கை சூடத்துக்கு மேலே வந்து நின்றது. கிடாய் காணாமல் போன அன்று அந்தி மங்கலில் வேலியோரம் அவள் பார்த்தது ஒரு முதுகை. அதில் ஒரு கறுப்புச் சட்டையை. முகத்தை அல்ல.

சூடம் கரைந்து சிறுத்தது. அவளுடைய இடது கை அவன் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அதன் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

“வேண்டாம் மதினி. கைய எடுங்க, சுட்டுரும்.”

அவள் சுடரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பூசாரி, இன்னொரு கட்டி போடுங்க. அது தானா அணைஞ்சிரக் கூடாது.”