அரைக் குளிசை

"இப்பிடி ஒரு மனிசனை எங்கயக்கா பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள் நேர்ஸ் றிம்ஸியா.

கமலாசனி வெட்கத்தில் தலை குனிந்தாள். வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் அவளுக்குக் குளிர்ந்தது. பக்கத்தில் இருந்த கணவன் நடராசா தன் துவாயை எடுத்து அவளுடைய தோளில் போர்த்திவிட்டான்.

புளியங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். சோதனைச் சாவடி வரிசையிலும் அவளை ஒரு பை தூக்க அவன் விடவில்லை.

"குளிசையிலயும் எனக்குப் பங்கு தாறவர் தங்கச்சி," என்றாள் கமலாசனி. "கடைக்குச் சைக்கிள் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனால் சத்துக்கு விற்றமின் குளிசை வாங்கி வருவார். உடைச்சு, அரைவாசி எனக்கு, அரைவாசி தனக்கு."

"என்ர மனிசன் ஒரு வடையில பாதி தரமாட்டார்!" என்று றிம்ஸியா சிரித்தாள்.

நடராசா சிரிக்கவில்லை. "பிளேன்ரீ வாங்கியாறன். குடிச்சிட்டு இண்டையான் குளிசையைப் போடு," என்று மடித்த கடதாசித் துண்டொன்றை அவள் கையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் வருமுன் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டொக்டர் அம்மா அவளுடைய கழுத்து வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். போன முறை எடுத்த இரத்தத்தின் முடிவையும் பார்த்தார். "தைரொயிட் சுரப்பி சரியா வேலை செய்யேல்லை. இந்தக் களைப்பு, குளிர், தலைமயிர் கொட்டுறது எல்லாம் அதாலதான்."

"பிள்ளை…?" கமலாசனி மெல்லக் கேட்டாள். இரண்டு தரம் கரு கலைந்துவிட்டது. மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாலே, "எனக்கு நீ மட்டும் காணும்," என்று நடராசா எழுந்து போய்விடுவான்.

"அதுக்கும் இது காரணமா இருக்கலாம். சுகமானால் பிள்ளை தங்கும்."

அவளுக்குக் கண் நிறைந்தது. இதை முதலில் அவனிடம் சொல்ல வேண்டும்.

"சில மருந்தை வருசக்கணக்காப் பாவிக்கிற ஆக்களுக்கும் தைரொயிட் குழம்பிறது. நீங்கள் வேற குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ?"

"சத்துக் குளிசை மட்டும்தான் டொக்டர். ஏ-9 பாதை திறந்த காலந்தொட்டு, வருசக்கணக்கா இவர் தாறவர்." கடதாசியைப் பிரித்து நீட்டினாள்.

மஞ்சள் நிற அரைக் குளிசை. டொக்டர் அதை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த விளிம்பில் பாதி எழுத்துகள்தான் மிஞ்சியிருந்தன. பிறகு கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார்.

"இதைத் தர முதல் உங்கட இரத்தத்தைச் சோதிச்சவையோ?"

"என்ர இரத்தத்தையோ? இல்லையே டொக்டர், ஏன்?"

வாசல் திரை விலகியது. நடராசா பிளேன்ரீக் கிளாசோடு நின்றான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை தங்குமாம்!" என்றாள் கமலாசனி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. டொக்டரின் உள்ளங்கையில் இருந்த அரைக் குளிசையைப் பார்த்தான். கிளாசை மேசையில் வைத்தான். திரும்பி, வெயிலுக்குள் இறங்கிப் போனான்.

"ஏன் போறார்?"

டொக்டர் அவளுடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இது எச்.ஐ.வி.க்குக் குடுக்கிற மருந்து."